சத்தியசிம்மன் மகன் ருத்ரசிம்மன்

தேயிலைத் தோட்ட ஆபீசில் செக்ரோல், அதாவது ஆட்களின் பேரும் சம்பளமும் பதிகிற ஏடு, எழுதியே காலம் கழித்தவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். எந்தப் பேரைக் கண்டாலும் பக்கத்தில் அப்பன் பேர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று கண் தேடும். ஓய்வு பெற்று ஹட்டன் டவுனுக்குக் குடிவந்த பிறகும் எனக்கு அது போகவில்லை. மேற்கு சத்ரபர்கள் என்ற பழைய இந்திய ராஜ வம்சத்தின் வெள்ளிக்காசு என்னைப் பிடித்துக்கொண்டதும் அதனால்தான். அதை அடித்தவர்களுக்கும் இதே வியாதி இருந்திருக்கிறது.

காசுப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவன் என் சேக்காளி. தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் வளர்ந்தோம். இலங்கைத் தோட்டத் தமிழரை இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவன் குடும்பத்துக்கு இந்தியா விழுந்தது. கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, கடைசியில் நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தான். பழங்காசு சேர்க்கிற பைத்தியம் அங்கே போய்ப் பிடித்தது. போன வாரம் அனுப்பிய படத்துக்குக் கீழே, “இவன்தான்டா கடைசி ஆள்” என்று எழுதியிருந்தான்.

மூன்றாம் ருத்ரசிம்மன். குஜராத், சௌராஷ்டிரம், மாளவம் பக்கம் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்ட மேற்கு சத்ரபர்களில் கடைசி. வெளியிலிருந்து வந்த சக இனத்து ராஜாக்கள். காசின் எடை இரண்டு கிராம் அளவில்தான் வரும். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் ராஜாவின் தலை. அதைச் சுற்றி, ஒரு காலத்தில் கிரேக்க எழுத்தாக இருந்து, பிறகு அடிக்கிறவனுக்கே வாசிக்கத் தெரியாமல் வெறும் கோடாகிப்போன வரி. மறுபக்கம் மூன்று வளைவுள்ள மலை, அடியில் நெளிநெளியாக ஆறு, மேலே பிறை. ஓரம் முழுக்கப் பிராமி என்ற பழைய எழுத்தில்: ராஜா மகாசத்ரபர் சுவாமி சத்தியசிம்மரின் மகன், ராஜா மகாசத்ரபர் சுவாமி ருத்ரசிம்மர். உள்ளங்கையில் தொலைந்துபோகிற ஒரு துண்டு வெள்ளியில் அப்பன் பேர், மகன் பேர், இரண்டு பேருடைய பட்டம், அத்தனையும்.

தலைக்குப் பின்னால் வருஷம். இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய பழக்கம் இது. சக ஆண்டோடு 78 கூட்டினால் நம் கணக்கு வரும். பிராமி இலக்கத்தில் நூறுக்கு ஒரு குறி, பத்துக்கு ஒரு குறி, ஒன்றுகளுக்கு ஒரு குறி என்று தனித்தனி. அச்சு கொஞ்சம் விலகி விழுந்தால் ஏதாவது ஒன்று காசுக்கு வெளியே போய்விடும். ருத்ரசிம்மனின் காசில் 300 தெரிகிறது, 10 தெரிகிறது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஆக கி.பி. 388, அல்லது அதற்குப் பிந்திய ஏதோ ஒரு வருஷம். அந்த வம்சம் தன் கையால் எழுதிய கடைசித் தேதி அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பேசுவது ஜெயித்தவன். குப்த ராஜா இரண்டாம் சந்திரகுப்தன் வடக்கேயிருந்து வந்தான். மத்திய இந்தியாவில் விதிஷாவுக்குப் பக்கத்தில் உதயகிரிக் குகையில் வீரசேனன் என்ற அவன் மந்திரி, பூமி முழுவதையும் வெல்லக் கிளம்பிய ராஜாவோடு தானும் வந்ததாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அதில் தேதி கிடையாது. (இப்படி ஒரு செக்ரோலை நான் கொண்டுபோய் நீட்டியிருந்தால் துரை மூஞ்சியில் வீசியிருப்பார்.) அதே குன்றில் இன்னொரு கல்வெட்டு குப்த ஆண்டு 82, அதாவது 401-402. பிறகு சந்திரகுப்தனே வெள்ளிக்காசு அடித்தான். அதே அளவு, அதே மாதிரித் தலை, பின்னால் வருஷம். மலை இருந்த இடத்தில் மட்டும் கருடன் வந்து உட்கார்ந்துகொண்டது. வருஷம் 90 என்று தொடங்குகிறது, கி.பி. 409 வாக்கில். அதிலும் ஒன்றுகளின் இலக்கம் சரியாக விழவில்லை! இரண்டு காசுக்கும் நடுவில் இருபது வருஷம் கிடக்கிறது. அதற்குள் எங்கேயோ ருத்ரசிம்மன் முடிந்துபோனான்.

கண்டியின் கடைசி ராஜாவை நினைத்துப் பாருங்கள். ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனை 1815 பெப்ரவரி 18இல் மெதமகாநுவரப் பக்கம் பிடித்தார்கள். மார்ச் 2இல் ராஜ்ஜியம் வெள்ளைக்காரன் கைக்குப் போன ஒப்பந்தம். வேலூருக்கு அனுப்பினார்கள், 1832 ஜனவரி 30இல் அங்கேயே செத்தார். பிடித்தவன் ஆபீஸ் வைத்திருந்தான், ஒவ்வொன்றையும் எழுதி வைத்தான். ருத்ரசிம்மனைப் பிடித்தவன் புகழ் மட்டும் எழுதினான்.

எழுதியவர்கள் பிறகு வந்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் சமஸ்கிருதத்தில் எழுதிய பாணபட்டர், பிறன் மனைவிக்கு ஆசைப்பட்ட சக ராஜாவை, பெண் வேஷம் போட்ட சந்திரகுப்தன் அவனுடைய ஊரிலேயே வைத்துக் கொன்றான் என்று ஒரே வரியில் சொல்லிப் போகிறார். அந்த சக ராஜா இவன்தான் என்று சிலர் முடிச்சுப் போடுவார்கள். அங்கே பேரே இல்லை. பேரில்லாத ஆளுக்குச் சம்பளம் போட என்னால் முடியாது.

எனக்கு உறுத்துவது அந்த ‘சக’ என்கிற ஒட்டு. வம்சத்தின் தொடக்கத்தில் சஷ்டனன், அவனுடைய அப்பன் யசாமோதிகன். வாயில் நுழையாத பேர்கள். சஷ்டனனின் பேரனே ருத்ரதாமன் ஆகிவிட்டான். கி.பி. 150இல் புயல் மழையில் குஜராத்தில் ஜூனாகத் பக்கம் சுதர்சன ஏரியின் கரை உடைந்தது, 420 முழ நீளத்துக்கு. கட்ட முடியாது என்று ஆலோசனை சொன்னவர்கள் கைவிரித்தார்கள். ருத்ரதாமன் கட்டினான். அதை ஜூனாகத் பாறையில் நல்ல சமஸ்கிருதத்தில், பாட்டுக்குச் சமமான உரைநடையில் வெட்டினான். அவ்வளவு நீளமான சமஸ்கிருதக் கல்வெட்டு அதற்கு முன் கிடையாது. ஊர்ச் சனத்திடம் வரியோ வெட்டி வேலையோ வாங்காமல், சொந்தக் கஜானாவில் செய்ததாக அதில் ஒரு வரி வரும். தோட்டத்தில் வளர்ந்தவன் அந்த வரியில் கொஞ்சம் நின்றுதான் போவான்.

அதற்கப்புறமும் இருநூற்று சொச்ச வருஷம் அங்கேயே இருந்தார்கள். சிம்மன், சேனன், தாமன் என்றே பேர் வைத்தார்கள். ஆனாலும் சாகும்போதும் சகன், செத்த பிறகும் சகன்.

நமக்கு இது புதிசா? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டது, அப்பா இங்கே பிறந்தாரா, இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் பிறந்தார்களா என்று. என் அப்பாவின் மனு அத்தாட்சி போதாதென்று திரும்பி வந்த காகிதம் இன்னும் தகரப் பெட்டியில் கிடக்கிறது. மழையில் நனைந்து, தேதி இருந்த மூலை பூஞ்சை பிடித்துவிட்டது. குடிசன மதிப்பீட்டில் வெகுகாலம் நாங்கள் ‘இந்தியத் தமிழர்’ என்றே இருந்தோம். சேக்காளி போன இடத்தில் அவனை ‘சிலோன்காரன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் அப்பன் பேரைச் சரியாகத்தான் எழுதிக் கொடுத்தோம்.

இதையெல்லாம் போனில் அவனிடம் கொட்டினேன். “நீ ராஜாவுக்கும் செக்ரோல் எழுத ஆரம்பிச்சிட்டியா?” என்று சிரித்தான். 310க்குப் பிறகு ஒன்றுகளின் இலக்கம் முழுசாக விழுந்த காசு ஒன்று கண்ணில் பட்டால் முதலில் எனக்குப் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அப்படி ஒன்று கிடைத்தால் விலை நம் இருவர் சேமலாப நிதிக்கும் கட்டாது என்கிறான். படம் போதும் என்றேன்.