கண்ணியமும் கேட்டுப் பெறும் மரணமும்
அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் 1997 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்கீழ் மருத்துவரிடம் உயிர்நீக்கும் மருந்து கேட்ட, இறப்பை நெருங்கிய நோயாளிகள் சொன்ன காரணங்களில், வலியைவிடத் தன் வாழ்வைத் தானே நடத்த இயலாமையும் கண்ணியம் குலைவதுமே முன்னிற்கின்றன. இது என்னை மிகவும் உறுத்துகிறது. பிறர் ஊட்டி உண்பதும், உடை மாற்ற இன்னொருவருக்காகக் காத்திருப்பதும் கண்ணியக் குறைவு என்றால், பிறந்தது முதல் அப்படியே வாழ்கிறவர்களைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம்? மாற்றுத்திறனாளிகள் பலர் இத்தகைய சட்டங்களை எதிர்ப்பதில், தங்கள் வாழ்வே கண்ணியமற்றது என்று கருதப்படுமோ என்ற அச்சம் இருக்கிறது. கண்ணியம் விலைமதிப்புக்கு அப்பாற்பட்டது என்ற ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட்டின் கருத்தை நான் ஏற்கிறேன். உடல் தளர்வதால் அது தேய்வதில்லை. ஆனாலும், நல்ல வலிதணிப்புச் சிகிச்சை கிடைத்த பின்னும், தெளிந்த அறிவோடு, மீண்டும் மீண்டும் 'போதும்' என்பவருக்கு, அவருடைய மதிப்பை அவருக்கே விளக்கி மறுப்பதும் அவமதிப்பாகவே எனக்குப் படுகிறது. அந்தச் சிகிச்சையே கிடைக்காத இடத்தில் எழும் கோரிக்கையைச் சுதந்திரமான தேர்வு என்று என்னால் கருத முடியவில்லை.