முதலில் ஏழாம் வகுப்பு நோட்டு

ஒரு தனியார் பள்ளியின் கல்வித்தரத்தை மதிப்பிட உட்கார்ந்தால் தாளாளர் முதலில் நீட்டுவது பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைத்தான். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, இதே பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோதைய வருகைப் பதிவேட்டைக் கேட்க வேண்டும். கூடவே டி.சி. கொடுத்த பதிவேடு. ஆறாம் வகுப்பில் 62 பேர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 41 பேர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 21 பேரில் சிலர் அப்பாவின் வேலை மாற்றலில் போயிருப்பார்கள், சிலர் சி.பி.எஸ்.இ.க்கு. மீதிப் பேரின் டி.சி. தேதியைப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பு முடிந்த மே மாதத்தில் வரிசையாக, காரணம் என்ற கட்டத்தில் எல்லாருக்கும் 'பெற்றோர் விருப்பம்' என்று ஒரே கையெழுத்தில் இருந்தால், ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு மதிப்பெண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே நூறு சதவீதம் எப்படி வந்தது என்பது தெரிந்துவிடும். எட்டு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அதனால் கத்தி விழுவது ஒன்பதில். வெளியே போன பிள்ளை பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்ந்து தேர்வு எழுதும். அந்தப் பள்ளியின் சதவீதம் குறைந்தால் அவர்களைத்தான் குறை சொல்வோம்.

பாடத்திட்டம் என்று தனியாக ஆராய மெட்ரிக் பள்ளிகளில் அதிகம் இல்லை. 2010-ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டத்துக்குப் பிறகு மன்னார்குடி அரசுப் பள்ளியிலும் தஞ்சாவூர் மெட்ரிக் பள்ளியிலும் பத்தாம் வகுப்புக்கு ஒரே புத்தகம்தான். வித்தியாசம் டைம்டேபிளில் இருக்கிறது. வாரத்துக்கு 40 பீரியட் என்றால் இந்தி, அபாகஸ், பொது அறிவு, ஸ்மார்ட் கிளாஸ் இவற்றுக்குப் போனது எத்தனை என்று எண்ணுங்கள். பெரும்பாலும் சமூக அறிவியலிலும் தமிழிலும்தான் கை வைத்திருப்பார்கள்.

அடுத்து நாட்கள். ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள் என்பது கட்டாயக் கல்விச் சட்டத்தின் கணக்கு. டெல்டாவில் ஐப்பசி பிறந்தால் மழை விடுமுறை தொடங்கிவிடும். அதற்கு மேல் வேளாங்கண்ணித் திருவிழா, சதய விழா, திருவாரூர்த் தேர் என்று உள்ளூர் விடுமுறைகள். விட்டுப்போனதைச் சனிக்கிழமைகளில் ஈடு செய்ததாகப் பதிவேடு சொல்லும். விசாரித்தால் சனிக்கிழமை வந்தது பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும்தான். ஏழாம் வகுப்புக்குப் போன நாள் போனதுதான்.

அதனால்தான் ஏழாம் வகுப்பு நோட்டு. வகுப்பாசிரியரை எடுத்துத் தரச் சொன்னால் முத்து முத்தான கையெழுத்தில் ஐந்து நோட்டு வரும். வருகைப் பதிவேட்டில் 3, 11, 19, 27, 35 என்று எண் சொல்லிக் கேளுங்கள். கணக்கு, அறிவியல், தமிழ் மூன்றும் வேண்டும். முதலில் தேதிகளை மட்டும் பார்த்துக்கொண்டே புரட்டுங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை எத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்கள்? அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய ஒரே வாரத்தில் மூன்று பாடம் எழுதப்பட்டிருந்தால் அது கரும்பலகையிலிருந்து இறக்கிய கேள்வி-பதில். லெசன் பிளானில் அதே பாடங்கள் நவம்பர் முழுக்கப் பரவிக் கிடக்கும்.

அடுத்த புரட்டலில் சிவப்பு மை. தவறான விடைக்கும் டிக் விழுந்திருக்கிறதா, ஒரே பிழை ஜூலையிலும் நவம்பரிலும் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். செப்டம்பரில் திருத்தும் கையெழுத்து மாறினால் ஆசிரியர் நின்றுவிட்டார் என்று அர்த்தம். அந்த மாதத்துப் பாடத்தில் நாலு கேள்வி வகுப்பில் கேட்டுப் பாருங்கள், ஓட்டை அங்கேதான் இருக்கும். ஐந்து நோட்டிலும் பதில் வார்த்தை பிசகாமல் ஒன்றாக இருந்தால், எங்கள் அனுபவத்தில் அது கைடு. 

புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கும் கொடுக்க வேண்டும். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. அப்படியானால் ஒரு வேலி எத்தனை ஏக்கர்? வீட்டில் தாத்தா தினமும் பேசும் அளவுதான். ஆறே முக்கால் என்று சொல்லும் பிள்ளைக்குப் பின்னம் பாதி வந்திருக்கிறது. ஆறும் மூன்றில் இரண்டும் என்று எழுதும் பிள்ளைக்கு முழுசாக வந்திருக்கிறது. 'இது எந்த எக்சர்சைஸ் மிஸ்?' என்று கேட்கும் வகுப்பில் கணக்கு நடத்தப்படவில்லை, ஒப்பிக்கப்பட்டிருக்கிறது.

பத்தாம் வகுப்பு கணக்கு மதிப்பெண்ணை மொத்தமாகப் பார்த்தால் ஏமாந்து போவோம். தாளில் ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, கடைசியில் எட்டு மதிப்பெண் இரண்டு. அந்த எட்டு இரண்டும் வடிவியல் வரைதலும் வரைபடமும். பயிற்சி கொடுத்தால் 16 கைக்கு வந்துவிடும். புக் பேக், அதாவது பாடத்தின் முடிவில் உள்ள, ஒரு மதிப்பெண் கேள்விகளை மனப்பாடம் செய்தால் ஒரு பத்து. முதல் பாடமான உறவுகளும் சார்புகளும் படித்து இரண்டு கேள்வி எழுதினால் 35 தாண்டிவிடும். முக்கோணவியலைத் தொடாமலே தேறலாம். மெல்லக் கற்பவர்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுப்பதில் தப்பில்லை, பிள்ளை கரையேற வேண்டுமே. ஆனால் 60, 70 வாங்கும் பிள்ளைகளின் திருப்புதல் தேர்வுத் தாள்களிலும் இதே அமைப்பு இருந்தால் பள்ளி முழுவதுமே குறுக்கு வழியில் நடக்கிறது. அரையாண்டுத் தாள் பத்தை எடுத்து கேள்வி வாரியாக மதிப்பெண்ணைக் கட்டம் போட்டு நிரப்பினால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் மதிப்பெண்ணை மறைத்து வேறு ஆசிரியரிடம் மறுபடி திருத்தக் கொடுங்கள்.

எட்டாம் வகுப்பு வரை எஃப்.ஏ. (செயல்பாடு, சிறு தேர்வு) 40, எஸ்.ஏ. (பருவ இறுதித் தேர்வு) 60 என்று பிரித்துப் போடும் பள்ளியில், எஃப்.ஏ. 38, எஸ்.ஏ. 21 என்று வரிசையாக இருந்தால் செயல்பாட்டு மதிப்பெண் சார்ட் வாங்கிக் கொடுத்த அம்மாவுக்குப் போடப்பட்டது.

மேல்நிலையில் பார்க்க வேண்டியது பிளஸ் ஒன். அந்த வருஷமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடும் பழக்கத்தைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது இல்லை. எனவே பிளஸ் ஒன் இயற்பியல், கணக்கு நோட்டுகளைத் தேதியோடு பார்ப்பது இப்போது முன்னைவிட அவசியம். பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் முழு மதிப்பெண் எல்லோருக்கும் விழுந்திருக்கும். ரெக்கார்ட் நோட்டைப் புரட்டிப் பயனில்லை. பியூரெட்டில் (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை நிரப்பி அளவைப் படிக்கச் சொல்லுங்கள். அடர் ஊதாக் கரைசலுக்கு அதன் வளைந்த மேற்பரப்பின் மேல் விளிம்பைப் பார்க்க வேண்டும், நிறமற்றதற்குக் கீழ் விளிம்பை. லேபுக்குள் போய்க் கையால் செய்த பிள்ளைக்கு இது யோசிக்காமல் வரும்.

தொடக்க வகுப்புகளுக்கு நேரம் குறைவாகப் போதும். மூன்றாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தை முதல் வரியிலிருந்து வாசிக்கச் சொல்லாதீர்கள். பத்தியின் நடுவில் விரல் வைத்து அங்கிருந்து கேளுங்கள். தமிழில் பத்துச் சொல் டிக்டேஷன்: பள்ளி, பல்லி, மழை, மலை, அரை, அறை என்று ஜோடி ஜோடியாக.

இதையெல்லாம் ஜனவரியில் செய்யப் போனால் பள்ளியே ஸ்பெஷல் கிளாஸில் இருக்கும், யாரும் நிதானமாகப் பேச மாட்டார்கள். காலாண்டு விடுமுறை முடிந்து திறந்த வாரம் சரியான நேரம். மழைக்கு முன்னால் திருத்திக்கொள்ள இரண்டு வாரமாவது கிடைக்கும். அறிக்கையில் இருபது பரிந்துரை எழுதினால் ஒன்றுகூட நடக்காது. மூன்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக எந்த வகுப்பு, எந்த ஆசிரியர், எந்தத் தேதி என்று போட்டுத் தாளாளரிடமும் முதல்வரிடமும் தனித்தனியாக ஒரு பிரதி கொடுங்கள். மறுபடி போகும்போது அதே 3, 11, 19, 27, 35.