திங்கக்கிழமை மேட்ச் கெடையாதாம்! பூசான்ல சோய் தோங்-வோனைத் தேடிப் போன கதை

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். தென்கொரியால பூசான் ஸ்டேஷன்ல எறங்குனா டாக்சி பக்கமே போயிடாதீங்க. சப்வே லைன் 1ல யோன்சான் வரைக்கும் போயி லைன் 3 மாறுனா ரெண்டாவது ஸ்டாப்ல சாஜிக் ஸ்டேடியம், அவ்ளோதான் விஷயம். நான் என்னவோ பெரிய இவன் மாதிரி பேக்கைத் தூக்கிட்டு டாக்சில ஏறி, அந்தாளு ஊரையே ஒரு ரவுண்டு காமிச்சு, மீட்டர் ஓட ஓட எனக்கு வயிறு எரிஞ்சு, கடைசில 31,000 வோன் எண்ணி வெச்சேன். மூணு வேளை சாப்பாடு அது! சரி போகட்டும்னு பாத்தா ஸ்டேடியம் கேட்டு பூட்டிக் கெடக்கு. கொரியா பேஸ்பால் லீக்ல திங்கக்கிழமை மேட்சே கெடையாதாம். மாசக்கணக்கா பிளான் போட்ட எனக்கு இது தெரியல பாருங்க.

ஆனா வெளியவே சோய் தோங்-வோன்ங்கற பழைய பேஸ்பால் பிட்சரோட (நம்ம பவுலர் மாதிரி, பந்து எறியறவரு) சிலை இருக்கு. நான் வந்ததே அதுக்குத்தான். கண்ணாடி போட்டுக்கிட்டு பந்தை எறியப் போற போஸ்ல நிக்கிறாரு. காலடில யாரோ ஒரு சின்ன கப்ல சோஜு (கொரியா சரக்கு) ஊத்தி வெச்சிருந்தாங்க, பக்கத்துல வாடிப்போன பூ. ஒரு ஈ, காக்கா இல்ல, நானும் அவரும்தான்.

யாரு இவருன்னு கேக்குறவங்களுக்கு: 1958ல இதே பூசான்ல பொறந்தவரு, 1983ல ஊரு டீமான லோட்டே ஜயன்ட்ஸ்ல சேந்தாரு. அடுத்த வருஷம் 27 மேட்ச் ஜெயிச்சு 223 ஸ்ட்ரைக்-அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்டரை அவுட்டாக்குறது), அந்த 223 ரெக்கார்டு 2021 வரைக்கும் நின்னுச்சு. அதுகூடப் பெருசில்ல. அந்த வருஷம் ஃபைனல் ஏழு மேட்ச் சீரிஸ், எதிர்ல சாம்சங் லயன்ஸ். லோட்டேன்னா ஈஸியா தட்டிடலாம்னு சாம்சங் லீக் கடைசில வேணும்னே தோத்து லோட்டேவை ஃபைனலுக்கு ஏத்திவிட்டதா அப்பவே ஊரெல்லாம் பேச்சு. லோட்டே கோச் சோயைக் கூப்ட்டு 1, 3, 5, 7 நாலு மேட்ச்சும் நீதான் போடணும்னு சொல்லிட்டாரு. கடைசில ஆறாவதுலயும் நடுவுல எறக்கிவிட்டாங்க. செப்டம்பர் 30லேர்ந்து அக்டோபர் 9 வரைக்கும் பத்தே நாள், அஞ்சு மேட்ச், 40 இன்னிங்ஸ், நாலு வெற்றி ஒரு தோல்வி. நம்ம கிரிக்கெட்ல ஒரு ஃபாஸ்ட் பவுலரு ரெண்டு டெஸ்ட் சேந்தாப்ல ஆடுனாலே ரெஸ்ட் குடுங்கன்னு கத்துறோம், இங்க மனுஷனைப் பிழிஞ்சு எடுத்திருக்காங்க.

மத்தியானம் பசி தாங்காம சோம்யோன் ஏரியால தேஜி-குக்பாப் கடைக்குப் போனேன். பன்னி எலும்பை வெள்ளையா ஆகுற வரைக்கும் கொதிக்கவெச்ச சூப், உள்ளயே சோறு, மேல வெங்காயத்தாள் மாதிரி பச்சையா ஒரு தழை, தொட்டுக்க உப்புல ஊறுன குட்டி இறால். அந்த இறாலை ஒரு ஸ்பூன் சூப்புல கலக்கிக் குடிச்சேன் பாருங்க, டாக்சிக்காரன் மேல இருந்த கோவம் பாதி போச்சு. 10,000 வோன்தான். கிம்ச்சி கேக்கக் கேக்க வெச்சாங்க, காசு கெடையாது!

பக்கத்து டேபிள்ல ஒரு அஜுஷி (நம்ம 'மாமா' மாதிரி), அறுபது வயசு தாண்டியிருக்கும். போன்ல சிலை ஃபோட்டோவைப் பாத்துட்டு இருந்தேனா, எட்டிப் பாத்துட்டாரு. அதுக்கப்புறம் அவரு சாப்பிடவேயில்ல. ட்ரான்ஸ்லேட்டர் ஆப் பூசான் பேச்சுல பாதியை முழுங்கிடுச்சு, ஆனா கை பேசுச்சு. சோஜு பாட்டில், சாப்ஸ்டிக், கப்பு எல்லாத்தையும் பேஸ் (ரன் எடுக்க ஓடித் தொடுற மூலைங்க) மாதிரி அடுக்கி ஏழாவது மேட்ச் எட்டாவது இன்னிங்ஸைக் காமிச்சாரு. லோட்டே 3-4ன்னு பின்னாடி இருந்த நேரத்துல அவங்க பேட்டர் யூ தூ-யோல் மூணு ரன் ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிக்க, 6-4ன்னு லோட்டே ஜெயிச்சுது. அந்த ஒரு அடிக்காக சீரிஸோட சிறந்த ப்ளேயர் பட்டம் (எம்விபி) யூவுக்குப் போச்சு, நாலு மேட்ச் ஜெயிச்சுக் குடுத்தவருக்கு இல்ல! அஜுஷிக்கு இன்னும் அது ஆறல. டேபிளைத் தட்டுறாரு, சூப் சிந்துது.

1987 மே 16 மேட்ச் பத்திக் கேட்டதும் ரெண்டு கையையும் தூக்கிட்டாரு. சாஜிக்ல, எதிர்ல ஹைதாய் டைகர்ஸ் டீமோட பிட்சர் சன் தோங்-யோல். ரெண்டு பேரும் மாறாம 15 இன்னிங்ஸ் போட்டாங்க, சோய் 209 பந்து, சன் 232. ரிசல்ட் 2-2 டிரா. அவங்க மோதுன மூணுல ஆளுக்கு ஒண்ணு, ஒண்ணு டிரான்னு முடிஞ்சுது.

எனக்குக் கடுப்பாகுறது இதுக்கப்புறம் நடந்ததுதான். 1988ல, கஷ்டப்படுற சின்ன ப்ளேயர்களுக்காக ப்ளேயர்ஸ் சங்கம் ஆரம்பிக்கப் பாத்தாரு, இவ்ளோ சம்பளம் வாங்குற ஸ்டாருக்கு அது தேவையே இல்ல. க்ளப்புங்க எல்லாம் எதுத்துச்சு. அந்த வருஷக் கடைசிலயே லோட்டே அவரை சாம்சங்குக்கு மாத்திவிட்டுடுச்சு. 1990ல ரிட்டயர்டு, 103 வெற்றி. சங்கம் ஒருவழியா வந்தது 2000ல. லோட்டே கோச்சா அவரைக் கடைசி வரைக்கும் கூப்பிடவேயில்ல. 2011 செப்டம்பர் 14 கேன்சர்ல போயிட்டாரு, 53 வயசு. அதே மாசம் 30ஆம் தேதி அவரோட 11ஆம் நம்பர் ஜெர்சியை யாருக்கும் குடுக்க மாட்டோம்னு அறிவிச்சாங்க. 2013ல சிலை. உசுரோட இருக்கும்போது ஒரு வேலை குடுத்திருக்கலாமில்ல?

மேட்ச் பாக்காம திரும்ப மனசு வரல, ஒரு ராத்திரி எக்ஸ்ட்ரா தங்கிட்டேன். பட்ஜெட்ல பெரிய ஓட்டை. ஆனா செவ்வாக்கிழமை சாஜிக்... எதிர் டீம் பிட்சர், பேஸ்ல நிக்கிற ரன்னரை அவுட்டாக்கப் பாத்து அந்த பேஸுக்குப் பந்தை எறிஞ்சா போதும், மொத்தக் கூட்டமும் "மா!"ன்னு அதட்டுது, நம்மூர்ல "டேய்!"ங்கற மாதிரி. கோட்டுக்கு வெளிய கூட்டத்துக்குள்ள வர்ற ஃபவுல் பந்தைப் பெரியவங்க புடிச்சா "அ ஜூரா"ன்னு கத்துறாங்க, கொழந்தைக்குக் குடுன்னு அர்த்தமாம், அந்தாளு குடுத்தே ஆகணும். லோட்டே தோத்துச்சு. ஒருத்தரும் ஆச்சரியப்படல, கடைசியா கப்பு ஜெயிச்சதே 1992லதானே.

அந்த எக்ஸ்ட்ரா ராத்திரிக்கு ஆன செலவுல 59,800 வோன் கேடிஎக்ஸ் (புல்லட் ரயில்) டிக்கெட் கனவு காலி. மெதுவாப் போற முகுங்ஹ்வா ரயில்தான், சியோலுக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல, சட்டை பூரா குக்பாப் வாசனை. இதை எழுதும்போது தேகு ஸ்டேஷன்ல நிக்குது. சாம்சங் ஊரு, அவரு கடைசியா ஆடுனது இங்கதான். எறங்கிப் பாக்கலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, பர்ஸைத் தெறந்து பாத்துட்டு உக்காந்துட்டேன்.