சேற்றில் செழிக்கும் வாசனை: தோவாளையிலிருந்து மணக்குடி வரை

தோவாளைப் பூச்சந்தைக்கு விடியும் முன்பே போய்விட வேண்டும். 2025இல் புவிசார் குறியீடு பெற்ற மாணிக்க மாலை என்ற பூமாலை இந்த ஊருடையது. பிச்சியும் மல்லிகையும் குவிந்து கிடக்க, அந்த மணத்தை விட்டு நகரவே மனமில்லை. ஆனால் இரண்டுக்கும் வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. இரண்டு பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டத்தில் ஈரம் வடியாத கொல்லைகள் ஏராளம். என்னுடையதும் அப்படித்தான். அதற்கேற்ற வாசனைச் செடிகளைத் தேடித்தான் சுசீந்திரத்துக்கு பஸ் ஏறினேன்.

சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் ராம்சர் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. தேரூர்ப் பக்கம் வாய்க்காலை ஒட்டிய ஒரு வீட்டில் வெள்ளை இஞ்சிப்பூ தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. மலையாளத்தில் கல்யாண சௌகந்திகம் என்பார்கள். கியூபாவின் தேசிய மலரும் இதுதான். பொழுது சாயச் சாய மணம் கூடும். கிழங்கை முளையோடு வெட்டி, மேலாகப் புதைத்து, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். உச்சிவெயில் மட்டும் நேராக விழக் கூடாது.

பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் தாழைப் புதர்கள். பிரம்மனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னதால் சிவபூஜையில் தாழம்பூவுக்கு இடமில்லை என்பது புராணம். எனக்கு அந்தப் பூவின் மேல் எப்போதும் தனிப் பரிவு உண்டு. கரையில் ஓலை முடைந்துகொண்டிருந்த ஆச்சியிடம் கன்று எடுப்பது பற்றிக் கேட்டேன்.

"ஆண் தாழையின் கன்றாகப் பார்த்து எடு மக்களே. மற்றதில் காய்தான் வரும்."

முழு உண்மை. தாழையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மணக்கும் மடல் ஆண் மரத்துக்குத்தான். ஒடிசாவின் கஞ்சம் பகுதியில் கேவ்டா அத்தர் வடிப்பதும் ஆண் பூவிலிருந்தே. விதையில் முளைத்த கன்று எதுவென்று பூக்கும்வரை தெரியாது. அதனால் பூத்த ஆண் மரத்தின் பக்கக் கன்றைப் பிரித்து நடுவதே சரி. மடல் ஓரங்களில் முள் உண்டு, நடைபாதைக்கு அருகில் வேண்டாம். வாய்க்கால் கரையில் வைத்தால் விழுதுகள் மண்ணையும் பிடித்துக்கொள்ளும்.

இஞ்சிப்பூவைத் தொட்டியிலோ வரப்பு கட்டிய பாத்தியிலோ வளருங்கள். வேண்டாத கிழங்கை வாய்க்காலில் எறியவே எறியாதீர்கள். பல நாடுகளில் நீரோரங்களை வளைத்துப்போட்ட செடி அது. ஆகாயத்தாமரையோடு மல்லுக்கட்டும் நம் குளங்களுக்கு இன்னொரு சுமை வேண்டாம்.