ஊசி வேண்டாம், இடுப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டர்

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்க்கிறேன். எடை 104 கிலோ, இடுப்பு 108 செ.மீ. எந்நேரமும் அசதி, தாம்பத்திய ஆசையும் குறைந்துபோனது. ஒரு கிளினிக்கில் சாயங்காலம் ரத்தம் எடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் லிட்டருக்கு 7.9 நானோமோல், குறைவு என்றார்கள். உடனே டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கான பேக்கேஜ் விலையைச் சொன்னார்கள். குழந்தைக்கு முயற்சி செய்கிறோம் என்று சொல்லியும் பேச்சு மாறவில்லை. இன்றைக்கும் எனக்கு எரிச்சல் அதில்தான். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் மூளை விரைகளுக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைத்துவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும்.

இதை எனக்கு விளக்கியது பிறகு பார்த்த ஹார்மோன் டாக்டர். அவர் முதலில் கேட்டது, "ரத்தம் கொடுத்த அன்னிக்கு எப்போ தூங்கி எழுந்தீங்க?" இந்த ஹார்மோன் தூங்கி எழும் நேரத்தில் உச்சத்தில் இருக்கும், போகப்போக இறங்கும். சாப்பிட்டாலும் குறையும். அதனால் லீவு நாட்களில், இரவு நன்றாகத் தூங்கி, காலையில் வெறும் வயிற்றில், இரண்டு முறை எடுக்கச் சொன்னார். கூடவே எல்.எச். (விரைகளை வேலை வாங்கும் சமிக்ஞை ஹார்மோன்), புரோலாக்டின் (பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோன்), சர்க்கரை, எஸ்.எச்.பி.ஜி. என்ற ரத்தப் புரதம் எல்லாம். டெஸ்டோஸ்டிரோன் 9ஐ ஒட்டி வந்தது.

கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் என்ற நொதி உண்டு. அது டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ராடியோல் என்ற பெண் ஹார்மோனாக மாற்றும். எஸ்ட்ராடியோல் கூடினால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். சுரப்பைக் குறைக்கும், விரைகளும் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம், தொப்பையோடு இன்சுலின் ஏறியிருந்தால், டெஸ்டோஸ்டிரோனைச் சுமக்கும் எஸ்.எச்.பி.ஜி. புரதத்தைக் கல்லீரல் குறைவாகவே தயாரிக்கும். மொத்த அளவு குறைவாகத் தெரிவதற்கு அதுவும் காரணம். எனக்கு அந்தப் புரதம் குறைவு. சுமக்கப்படாமல் தனியாக உலவும் டெஸ்டோஸ்டிரோன் அவ்வளவு மோசமில்லை. பிட்யூட்டரியில் கோளாறு இருந்தால் சிகிச்சையே வேறு, அதற்குத்தான் மற்ற டெஸ்டெல்லாம் என்றார்.

சரி, எடையைக் குறைக்க வேண்டியதுதான். ஆசிய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டுமாம். நடுராத்திரி கேன்டீனில் சாப்பிடும் நாசி லெமாக்கை (தேங்காய்ப்பால் சாதம்) விட்டேன். இனிப்புப் பால் டீயான தே தாரேக் போய், பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் வந்தது. முதல் வாரம் கஷாயம் குடித்த மாதிரி இருந்தது. ஓய்வு நாளில் தண்ணீர்மலைக் கோயில் படிகள், 500க்கு மேல். வீட்டில் டம்பெல். "மாப்பிள்ளைக்கு என் சமையல் பிடிக்கலையா?" என்று மாமியாருக்குத்தான் வருத்தம்.

இப்போது 93 கிலோ. டெஸ்டோஸ்டிரோன் 11.8, சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. இடுப்பு இன்னும் 97. குறட்டை மட்டும் இன்னும் நிற்கவில்லை. தூக்கத்தில் மூச்சு தடைபட்டாலும் இந்த ஹார்மோன் குறையலாம் என்பதால் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். தேதிக்குக் காத்திருக்கிறேன்.