மாப் ஒன்று குறைகிறது: தியேட்டர் நாட்குறிப்பு

ஜூன் 3

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸின் துணிச்சலுக்குச் சோதனை வருவது பெரும்பாலும் வயிற்றை மூடும் நேரத்தில்தான். அடுத்த கேஸ் வெளியே காத்திருக்கும். போர்டில் 20 மாப் (அறுவையின்போது ரத்தத்தை ஒற்றியெடுக்கும் துணி) என்று எழுதியிருக்கும், கையில் 19தான் இருக்கும். அப்போது சொல்ல வேண்டியது: "சார், மாப் ஒண்ணு குறையுது. மூடாதீங்க." எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும், நிறுத்தவும் சொல்ல வேண்டும். "ஒரு தடவை பார்த்துக்கலாமா சார்?" என்று இழுத்தால் தையல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

"உள்ள ஒண்ணுமில்ல, நல்லா எண்ணுங்க சிஸ்டர்" என்று சர்ஜனிடமிருந்து பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. ரத்தத்தில் ஊறிய மாப் குடலுக்கு நடுவே கிடந்தால் கைக்கே தட்டுப்படாது. மாசசூசெட்ஸில் நடந்து 2003இல் வெளியான ஆய்வைப் பாருங்கள்: எண்ணிய பிறகும் உடலுக்குள் பொருள் தங்கிப்போன கேஸ்களில் 88 சதவீதத்தில் கணக்கு சரி என்றே எழுதியிருந்தார்கள். சரி என்று வந்த கணக்கே இப்படி ஏமாற்றியிருக்கும்போது, குறைகிறது என்று வந்த கணக்கை எப்படித் தள்ள முடியும்?

ஜூன் 5

குறைந்தால் தேடும் விதம். சர்ஜன் வயிற்றுக்குள் பார்க்கும்போதே சர்க்குலேட்டிங் சிஸ்டர் (டேபிளை விட்டு விலகி நின்று வேண்டியதை எடுத்துத் தருபவர்) பக்கெட், குப்பைப் பை, அழுக்குத் துணி மூட்டை, டேபிளுக்கு அடி, எல்லாருடைய செருப்பின் அடி வரை பார்க்க வேண்டும். மயக்க மருத்துவர் பக்கத்தையும் விடக்கூடாது. பயாப்சிக்குப் போன திசுவோடு ஒட்டிக்கொண்டு மாப் வெளியே போவதும் உண்டு. கிடைக்கவில்லையென்றால் நோயாளி டேபிளை விட்டு இறங்கும் முன் எக்ஸ்ரே. மாப்பில் நெய்திருக்கும் எக்ஸ்ரே நூல் படத்தில் தெரியும். அந்த நூல் இல்லாத காஸ் துணியை வயிற்றுக்குள் கொடுக்கவே கூடாது. மிகச் சிறிய ஊசி படத்தில் தெரியாமல் போகலாம், அதனால் படம் சுத்தமாக இருந்தாலும் "ஊசிக் கணக்கு குறைவு" என்றே ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். யாரிடம் சொன்னோம், எத்தனை மணிக்குச் சொன்னோம் என்பதும் அதில் இருக்கட்டும்.

ஜூன் 9

கணக்கு எங்கே தப்புகிறது? 5 மாப் இருக்க வேண்டிய கட்டுக்குள் 4 இருப்பது. ரத்தப்போக்கின்போது அவசரமாகப் பிரித்த கட்டைப் போர்டில் ஏற்றாதது. பாதி கேஸில் டூட்டி மாறுவது. மாப்பை இரண்டாக வெட்டிக் கொடுப்பது. வெட்டித் தரச் சொன்னால் "வெட்ட மாட்டோம் மேடம், சின்ன காஸ் தர்றேன்" என்று சொல்லிவிட வேண்டும். இதுவும் துணிச்சல்தான், யாரும் கவனிக்காத துணிச்சல்.

ஜூன் 14

2005இல் இங்கிலாந்தில் எலைன் ப்ரோமிலி என்ற 37 வயதுப் பெண்ணுக்குச் சாதாரண சைனஸ் அறுவை. மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட முடியவில்லை, மாஸ்க்கிலும் காற்று போகவில்லை. அனுபவமுள்ள மருத்துவர்கள் டியூப் போடும் முயற்சியிலேயே மூழ்கிவிட்டார்கள். ஒரு நர்ஸ் டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வது) செட்டைக் கொண்டுவந்து, தயார் என்று சொன்னார். இன்னொருவர் ஐ.சி.யூ. படுக்கைக்கு ஏற்பாடு செய்தார், பிறகு அதை ரத்து செய்தார். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. 13 நாள் கழித்து எலைன் இறந்துபோனார்.

"செட் ரெடி" என்பது தகவல். "சார், ஆக்ஸிஜன் சாச்சுரேஷன் 40. டியூப் போகல. கழுத்துல ஓப்பன் பண்ணணும், இப்பவே" என்பதுதான் எச்சரிக்கை. முதல் தடவை காதில் விழவில்லையென்றால் பேர் சொல்லி இரண்டாம் தடவை. அதற்கும் அசையவில்லையென்றால் பக்கத்துத் தியேட்டர் மயக்க மருத்துவரைக் கூப்பிட வேண்டும், யாரிடமும் அனுமதி கேட்காமல்.

ஜூன் 15

சொல்லியும் கேட்காத கதையும் உண்டு. கனடாவின் வினிபெக்கில் 1994இல் இதய அறுவைக்குப் பிறகு 12 குழந்தைகள் இறந்தார்கள். தியேட்டர் நர்ஸ்கள் மேலிடத்தில் முறையிட்டிருந்தார்கள். அவர்கள் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கப்படவில்லை என்று 2000இல் வந்த விசாரணை அறிக்கை பதிவு செய்தது. வாய்வார்த்தையோடு விடக்கூடாது. தேதி போட்டு எழுதி, நகல் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 20

நம் ஊரில் பெரிய சங்கடம் ராத்திரி எமர்ஜென்சி. அந்த 2003 ஆய்வின்படி அவசர அறுவையில் பொருள் தங்கும் ஆபத்து 9 மடங்கு. அந்த நேரத்தில்தான் பல இடங்களில் ஒரே சிஸ்டர் ஸ்க்ரப்பும் (சர்ஜன் பக்கத்தில் நின்று கருவி தருபவர்) சர்க்குலேட்டிங்குமாக நிற்கிறார், அதுவும் தொகுப்பூதியத்தில் இருப்பவர். அவரைத் தனியே எண்ணவிட்டு, பிறகு பழியை அவர் தலையில் போடுவது அநியாயம். கத்தி வைக்கும் முன்பே "எண்ண ஆள் இல்ல சார், ஹவுஸ் சர்ஜன் ஒருத்தர் என்கூட எண்ணணும்" என்று கேட்டுவிட வேண்டும். அனஸ்தீசியா டெக்னீஷியன் இருந்தால் அவரும் போதும். இருவரும் பார்க்க, சத்தமாக, ஒவ்வொரு மாப்பாகப் பிரித்து எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.