மண் டிராக்குக்கு ஒரு ஆர்சி டிரக்: மோட்டாரைத் தொடாமல் செய்த மாற்றங்கள்

என்னிடம் இருப்பது டிராக்ஸஸ் நிறுவனத்தின் ஸ்லாஷ் என்ற ஆர்சி (ரேடியோ கன்ட்ரோல்) டிரக். 1/10 அளவு, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் மாடல். 2008-இல் வந்த இந்த வண்டிதான் ஷார்ட் கோர்ஸ் டிரக் (மண் தளப் பந்தய டிரக்குகளின் சிறு வடிவம்) என்ற ரகத்தை ஆர்சி பந்தயத்தில் பரவலாக்கியது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இன்றும் தாராளமாகச் சொல்லலாம். முட்டி மோதினாலும் தாங்கும், உதிரி பாகம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே மண் டிராக்கில் விட்டால் நேரில் சீறிப் போகிற வண்டி வளைவு வந்ததும் கவிழ்கிறது. எல்லா நிலத்திலும் ஓட வேண்டும் என்று உயரமாக நிற்கும்படி செய்யப்பட்டது அது. பந்தயத்துக்குத் தேவை வேறு.

இந்த நிலையில் பலரும் முதலில் கை வைப்பது மோட்டாரில்தான். நான் அதைத் தொடவே இல்லை. கூட வந்த 12 சுற்று (உள்ளே கம்பி சுற்றிய எண்ணிக்கை) பிரஷ் மோட்டாரே என் கைக்கு இப்போதைக்குப் போதும். ஒரே மாதிரி சுற்றிவரத் தெரியாத வண்டிக்கு வேகம் கூட்டினால், கவிழ்வதும் வேகமாகத்தான் நடக்கும். பிரஷ்கள், அதாவது மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டுகள், சீராகப் படிய வேண்டும் என்பதால் முதல் பேட்டரியை மட்டும் பாதி திராட்டிலுக்கு மேல் போகாமல் ஓட்டித் தீர்த்தேன். ஸ்பீட் கன்ட்ரோலரில் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருக்கும் டிரெயினிங் மோட் இதற்கு வசதி. முன்னோக்கிய சக்தியைப் பாதியாகக் குறைத்துவிடும், பிரேக் மட்டும் முழுதாக இருக்கும். டிராக்குக்குப் போனதும் ரிவர்ஸ் இல்லாத ரேஸ் மோடுக்கு மாற்றினேன். பிரேக்கை இழுக்கும்போது வண்டி தவறிக்கூடப் பின்னால் போகாது.

முதல் வேலை டயர். சஸ்பென்ஷனை எவ்வளவு நுணுக்கமாகச் சரிசெய்தாலும் மண்ணைத் தொடுவது டயர் மட்டும்தான். இளகிய புழுதி மண் என்றால் உயரமான முள் போன்ற பிடிகள் உள்ள டயர் வேண்டும். பல வண்டிகள் ஓடி ஓடி இறுகி, மேலே கருப்பாகப் பளபளக்கும் தடம் விழுந்த தளத்தில் அதே முட்கள் வளைந்து வழுக்கும். அங்கே குட்டையான, நெருக்கமான பிடிகள்தான் நிற்கும். நான் ஓட்டும் தளம் இரண்டுக்கும் நடுவில். காலையில் தண்ணீர் தெளித்ததும் பிடிக்கும், வெயில் ஏறினால் மேலே தூசு கிளம்பும். அதனால் நடுத்தர உயரமுள்ள சிறு முள் டயரை, மென்மையான ரப்பரில் எடுத்தேன். உள்ளே ஃபோம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விளிம்பைச் சுற்றிலும் சூப்பர் க்ளூ விட்டேன். ஒட்டாத டயர் வளைவில் ரிம்மிலிருந்து பிரிந்து சுழலும். வெளிப்புறம் ஒட்டி, காயவிட்டு, பிறகு உட்புறம். இதில் அவசரம் கூடாது.

அடுத்து உயரம். பேட்டரி, பாடி எல்லாம் மாட்டிய நிலையில் வண்டியைச் சற்று மேலிருந்து மேசையில் போட்டு, தானாக அடங்கவிட்டுப் பார்க்க வேண்டும். என் வண்டியில் சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம்கள் நான்கும் கீழ்நோக்கிச் சரிந்து நின்றன. ஸ்பிரிங்குக்கு மேலிருந்த வளையங்களை எடுத்து, ஷாக்குக்குள் (ஆயில் நிரம்பிய அதிர்வு தாங்கி) பிஸ்டனுக்குக் கீழே சிறு ஸ்பேசர் வைத்தேன். ஷாக் முழுதாக நீளாததால் வண்டி தாழ்ந்து நிற்கிறது. பின் ஆர்ம்கள் தரைக்கு இணையாக வந்தன, முன்பக்கம் ஒரு மயிரிழை தாழ்வு. வண்டி கவிழ்வதில் பெரும்பகுதி இந்த ஒரு மாற்றத்திலேயே நின்றது.

ஷாக் ஆயில் மாற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான். ஷாக்கைக் கழற்றி, பழைய ஆயிலைக் கொட்டி, உடலைத் துடைத்துவிட்டு, தண்டைக் கீழே இழுத்த நிலையில் புது சிலிக்கான் ஆயிலை விளிம்புவரை ஊற்ற வேண்டும். பிறகு தண்டை மெல்ல மெல்ல மேலும் கீழும் நகர்த்தினால் பிஸ்டன் துளைகள் வழியாகக் காற்றுக் குமிழிகள் கிளம்பும். பெரியவை உடனே வந்துவிடும், பொடிக் குமிழிகள் சுவரில் ஒட்டிக்கொண்டு நேரம் எடுக்கும். அவை அடங்கும்வரை ஷாக்கை நிமிர்த்தி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். கடைசியில் மூடியைச் சாய்த்து மூடினால் மிச்சக் காற்றும் கொஞ்சம் ஆயிலும் வெளியேறும். காதருகே வைத்துத் தண்டை அழுத்தும்போது கரகரவென்று சத்தம் கேட்டால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று பொருள். சத்தமே இல்லாமல் ஒரே இழுவையில் போக வேண்டும். இடது வலது இரண்டையும் விரலால் ஒன்றாக அழுத்திப் பார்த்து, ஒரே மாதிரி திரும்பி வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். வந்தபோது 30 வெயிட் ஆயில் இருந்தது; எண் கூடினால் ஆயில் கெட்டி. முன்னால் 40, பின்னால் 35 என்று வைத்திருக்கிறேன். ஓரடி உயரத்திலிருந்து மட்டமாகப் போட்டால் இப்போது வண்டி ஒருமுறை அமுங்கி எழுந்து அப்படியே நிற்கிறது, துள்ளுவதில்லை.

கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு (மைனஸ் என்றால் மேல்பகுதி உள்நோக்கி), நான்கு சக்கரத்துக்கும் மைனஸ் ஒன்றிலிருந்து இரண்டு டிகிரிக்குள். முன் சக்கரங்கள் நேராக. இதற்கு மேல் இப்போது யோசிக்கத் தேவையில்லை.

கியரையும் வந்தபடியே விட்டேன். ஸ்பர் (பினியன் சுழற்றும் பெரிய கியர்) 86 பல், பினியன் (மோட்டாரில் இருக்கும் சிறு கியர்) 19, கியர் பெட்டிக்குள் விகிதம் 2.72. மொத்தம் பார்த்தால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் ஏறக்குறைய 12.3 சுற்று சுற்றுகிறது. பினியனைப் பெரிதாக்கினால் நேரில் வேகம் கூடும், மோட்டார் சூடும் கூடவே ஏறும். குறுகிய வளைவுகள் நிறைந்த தளத்தில் அந்த வேகத்தை எட்டவே இடம் கிடைக்காது. திடீர் விசையில் சற்று வழுக்கிக் கியர்களைக் காக்கும் ஸ்லிப்பர் கிளட்சை மட்டும் கவனமாக அமைத்தேன். நின்ற நிலையிலிருந்து முழு திராட்டில் கொடுத்தால், முதல் ஓரிரு அடிக்குக் கிளட்ச் வழுக்கும் மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். அதற்கு மேல் நீண்டால் ஸ்பர் சூடாகி உருகும். சத்தமே இல்லையென்றால் தாவி இறங்கும்போது பல் உடையும்.

பேட்டரி 2எஸ் லிப்போ, அதாவது இரண்டு செல் கொண்ட லித்தியம் பாலிமர். அதற்கு ஸ்பீட் கன்ட்ரோலரில் லோ வோல்டேஜ் பாதுகாப்பு (பேட்டரி அளவுக்கு மேல் தீராமல் தடுப்பது) கட்டாயம் இயங்க வேண்டும், விளக்கு பச்சையாக எரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கீழே வைக்கிறேன். சிவப்பு என்றால் பாதுகாப்பு இல்லை. சார்ஜ் எப்போதும் செல்களைச் சம அளவில் ஏற்றும் பேலன்ஸ் முறையில், கண்முன்னே. ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிட வேண்டும்.

ஷார்ட் கோர்ஸ் பாடிக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. தாவும்போது அடியிலிருந்து புகும் காற்று பாடிக்குள் சிக்கி, வண்டியின் மூக்கைத் தூக்கிவிடும். பின்பக்கம் பாடியில் துளைகள் வெட்டிய பிறகு இது குறைந்தது. மீதி கையில் இருக்கிறது. காற்றில் இருக்கும்போது திராட்டில் கொடுத்தால் மூக்கு எழும், பிரேக் பிடித்தால் மூக்கு இறங்கும். சக்கரத்தின் சுழற்சி மாறும்போது வண்டி எதிர்ப்பக்கம் திரும்புவதுதான் காரணம். இதைப் பழகியதும் தாவல்கள் பயமுறுத்துவதில்லை, சந்தோஷமாகிவிட்டன.

ஒரு மாற்றம் செய்தால் ஒரு பேட்டரி முழுக்க அதே தடத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது. டயர், உயரம், ஆயில் மூன்றையும் ஒரே மாலையில் மாற்றினால் எது உதவியது என்று யாராலும் சொல்ல முடியாது. சுற்று நேரத்தைக் குறிக்கும்போது மிக வேகமான சுற்றைவிட, வேகமானதற்கும் மெதுவானதற்கும் உள்ள இடைவெளியைத்தான் பார்க்கிறேன். அது சுருங்கிக்கொண்டே வருகிறது.

இன்னும் தீராதது வளைவு முடிந்து வெளியேறும் இடம். உள்பக்கப் பின்சக்கரம் லேசாகத் தூக்குகிறது, இரு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிஃபரென்ஷியல் சக்தியையெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே கொடுத்துவிட, அது வெறும் காற்றில் சுழல்கிறது. டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் கிரீஸை வழித்தெடுத்துவிட்டு 10,000 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) சிலிக்கான் ஆயில் நிரப்பப் போகிறேன். ஆயில் கெட்டியாக இருந்தால் இரு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், ஆனால் வளைவுக்குள் நுழையும்போது முன்பக்கம் திரும்ப மறுக்கலாம். அப்படி மறுத்தால் முன் ஸ்பிரிங்கை ஒரு படி மென்மையாக்குவது அடுத்த வேலை.